சந்தனம் பூசிய ரேடியோ

அத்தியாயம் ஒன்பது

விடிந்ததும் கமலவேணி கொடிக்காலுக்குப் போனாள். வேலியோரத்து வெற்றிலை வரிசை நேற்றுச் சாயங்காலம் வரை நன்றாகத்தான் இருந்தது. இப்போது அங்கேயும் இலைகள் தொங்கிவிட்டன. ஒரு கொடியின் அடித்தண்டை விரலால் தொட்டாள். தோல் கறுத்து, கூழாக நழுவி, விரலில் ஒட்டியது. முகர்ந்து பார்த்தாள். அதே நாற்றம்.

விரலை மண்ணில் துடைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். மேற்கே மேகம் கூடத் தொடங்கியிருந்தது. இன்னொரு பெருமழை பெய்தால் மிச்சமிருப்பதும் போய்விடும். அது அவளுக்குத் தெரியும். அதைத் தடுக்க என்ன செய்வது என்பதுதான் தெரியாது.

இன்றைக்குத் தெரிந்துவிடும். அதை நினைத்துத்தான் எழுந்தாள்.

போன வாரம் நடந்தது மலாக்காவின் காஜா பெராங் பகுதி முழுக்கத் தெரிந்த கதை. வெற்றிலை பயிர் செய்யும் ஆறு பெண்களுக்கென்று தகவல் இலாகா கொடுத்த பேட்டரி ரேடியோவை, கமலவேணியின் கணவன் வேலாயுதம் பாட்டுக் கேட்பதற்காகக் கோப்பிக் கடைக்குத் தூக்கிப் போனான். இவள் ஆண்கள் நிறைந்த அந்தக் கடைக்குள் தனியாக நுழைந்து, பாட்டை நடுவில் நிறுத்தி, ரேடியோவை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். "பொம்பளைங்களுக்குக் கவர்மெண்டு கொடுத்த விளையாட்டுச் சாமான்" என்று வேலாயுதம் எல்லோர் முன்னாலும் சொல்லிச் சிரித்தான். அன்றிலிருந்து இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

அதற்கும் முன்னால், இலாகா அதிகாரி கலியாணசுந்தரம் ஒலிப்பதிவு இயந்திரத்தோடு வந்தபோது, ஆறு பேருக்காகவும் கேள்வி கேட்டவள் கமலவேணிதான். மற்றவர்கள் அந்த இயந்திரத்தைக் கண்டதும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள்.

"உங்க குரல் அப்படியே ரேடியோவுல வரும்மா. பதிலை ஒரு பயிர் நிபுணர் சொல்லுவார்" என்றார் கலியாணசுந்தரம். "ஆயுத பூஜையன்னிக்குப் பிற்பகல் விவசாய நிகழ்ச்சி. ஒரே தடவைதான் வரும். அடுத்த வாரம் வேற ஊரு, வேற பயிர். கவனமாக் கேட்டுக்குங்க."

ஆயுத பூஜை என்றதும் கமலவேணி சந்தோஷப்பட்டாள். வேலாயுதத்தின் லோரி ஓடாது. கோப்பிக் கடைப் பேச்சு இருக்காது. வீடு அமைதியாக இருக்கும். அவ்வளவுதான் அவளுக்குத் தோன்றியது.

கிணற்றடியில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு உள்ளே வரும்போது மணிச் சத்தம் கேட்டது. கூடத்தில் மாமியார் சாரதாம்பாள் கற்பூரத் தட்டை இறக்கிக்கொண்டிருந்தாள். சுவரோரம் பலகை போட்டு வாழையிலை விரித்து எல்லாம் வரிசையாக இருந்தன. லோரிச் சாவி. ஜாக்கி. ஸ்பானர்கள். சாரதாம்பாள் ரப்பர் மரத்தில் பால் வெட்டிய பழைய கத்தி. நேற்றுக் கமலவேணியே கழுவிக் கொடுத்த மண் வெட்டும் சாங்கோலும் கொடி அறுக்கும் கத்தியும்.

நடுவில் ரேடியோ.

நெற்றியில் வைப்பதுபோல அதன் முகப்பில் மூன்று விரல் சந்தனம். நடுவே குங்குமம். இரண்டு குமிழ்களிலும் தனித்தனியாகச் சந்தனப் பொட்டு. கழுத்து என்று ஒன்று இருப்பதுபோல் ஒரு பெரிய மல்லிகை மாலை.

வேலாயுதம் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எப்படி இருக்கு?"

ஒரு வாரத்துக்குப் பிறகு அவன் அவளிடம் பேசிய முதல் பேச்சு அது.

"இதை யாரு வச்சது?"

"நான்தான். லோரிக்கு வாங்குன மாலையை விட இது பெரிசு. பாசார்ல நின்னு, பார்த்துப் பார்த்து வாங்கினேன்." கொஞ்சம் தயங்கிவிட்டுத் தொடர்ந்தான். "அன்னிக்குக் கடையில நான் சொன்னது தப்புதான், கமலா. உன் தொழிலுக்கு இதுதான் ஆயுதம். என் லோரி மாதிரி. அதான் நடுவுல வச்சேன்."

இந்தச் சொல்லுக்காக அவள் எத்தனையோ நாள் காத்திருந்திருக்கிறாள். இன்றைக்கா அது வரவேண்டும்?

"இன்னிக்குப் பிற்பகல்தாங்க பதில் வருது."

வேலாயுதத்தின் சிரிப்பு உடனே போகவில்லை. மெதுவாகத்தான் போனது.

"இன்னிக்கா?"

"இன்னிக்குத்தான்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"நாமதான் பேசிக்கவே இல்லையே."

சாரதாம்பாள் கற்பூரத் தட்டைக் கீழே வைத்தாள். "தீபம் காட்டியாச்சு. நாளைக்குக் காலையில மறுபூஜை. அது வரைக்கும் யாரும் எதையும் தொடப்படாது."

"தூக்க வேணாம் அத்தை. இருக்கிற இடத்திலேயே குமிழை மட்டும் திருப்பிவிட்டாப் போதும்."

"கத்தியை நகத்தாம வச்சு மரத்தை வெட்டினா, அது வெட்டினதாகாதா?"

"அத்தை, கொடி எல்லாம் சாகுது."

"தெரியும். நானும் கண்ணால பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன்." சாரதாம்பாளின் குரல் உயரவில்லை. அவள் எப்போதும் குரலை உயர்த்துவதில்லை. "குருபோங் பக்கத்துத் தோட்டத்துல நான் முப்பது வருஷம் பால் வெட்டினேன். வயித்துல பிள்ளையோட வெட்டினேன். ஜப்பான்காரன் காலத்துல பசியோட வெட்டினேன். வருஷத்துல இந்த ஒரு நாள்தான் அந்தக் கத்தி கீழே இருக்கும், என் கை சும்மா இருக்கும். துரையே ஆள் அனுப்பினாலும் நாங்க எடுக்கமாட்டோம். எங்களுக்குன்னு இருந்தது அந்த ஒரு நாள்தான். அதையும் விட்டுடச் சொல்றியா?"

கமலவேணி கோபப்படுவதற்குக்கூட அந்தப் பேச்சு இடம் கொடுக்கவில்லை. கணவன்மேல் கோபப்படலாமென்றால் அவன் மாலை வாங்கி வந்து நிற்கிறான்.

சமையலறைக்குப் போய்ச் சுண்டலுக்குத் தேங்காய் துருவினாள். மூடியில் தேங்காய் தீர்ந்த பிறகும் கை துருவிக்கொண்டே இருந்தது.

மதியம் தாண்டியதும் மற்ற ஐந்து பெண்களும் வந்து சேர்ந்தார்கள். மூன்று பேர் குருபோங் பக்கத்திலிருந்து நடந்தே வந்தவர்கள். எல்லோருக்கும் மூத்தவள் அலமேலு. புருஷன் செத்த பிறகு தோட்ட வேலையை விட்டுவிட்டு, ஒரு துண்டு நிலத்தில் வெற்றிலை போட்டுப் பிழைப்பவள். வாசலில் காலைக் கழுவிக்கொண்டே கூடத்தை எட்டிப் பார்த்தாள்.

"அடேயப்பா! சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் ஆச்சு. தாலி ஒண்ணுதான் பாக்கி போல!"

மற்றவர்கள் சிரித்தார்கள்.

"மாப்பிள்ளை கறுப்பா இருந்தாலும் களையா இருக்காரு" என்றாள் இன்னொருத்தி.

"கல்யாணம் ஆன மறுநிமிஷமே வாயடைச்சுப் போச்சு பாரு. ஆம்பளைன்னா இப்படி இருக்கணும்."

சிரிப்பு இன்னும் பெரிதானது. கமலவேணி சிரிக்கவில்லை. பூஜைக்குப் பக்கத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருந்த சாரதாம்பாளும் சிரிக்கவில்லை. அலமேலு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். சிரிப்பு ஒவ்வொருவராக நின்றது.

"என்னடி கமலா? கேக்க முடியாதா?"

"நாளைக்குக் காலையில மறுபூஜை ஆனப்புறம்தான் தொடணுமாம்."

"நாளைக்கு என்னத்தைக் கேக்கிறது? நாளைக்கு அவங்க பாட்டுப் போடுவாங்க." அலமேலு சாரதாம்பாளிடம் திரும்பினாள். "பெரியம்மா, என் கொடியில பாதி போயிடுச்சு. மீதியும் போச்சுன்னா நான் மறுபடியும் விடியக்காலம் வாளியைத் தூக்கிக்கிட்டுப் பால் வெட்டப் போகணும். இந்த முட்டியை வச்சுக்கிட்டுப் போனா, தோட்டத்துல ஆள் எடுக்கிற எந்தத் தண்டல் எனக்குப் பேர் போடுவான்?"

"நான் என்ன செய்யட்டும், அலமேலு? என்னைக் கேட்டா அதை வச்சாங்க? ரேடியோவைப் பூஜையில வைக்கிறதை நானே இன்னிக்குத்தான் பார்க்கிறேன். ஆனா வச்சாச்சு. தீபம் காட்டியாச்சு."

ரேடியோ மாலையோடு எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தது.

கமலவேணி வாசலுக்குப் போனாள். வேலாயுதம் லோரியின் முன்சக்கரத்தில் நசுங்கிக் கிடந்த எலுமிச்சம்பழத்தைக் காலால் தள்ளிக்கொண்டிருந்தான்.

"அத்தைகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

"சொன்னேன். கேக்கலை."

"மறுபடியும் சொல்லுங்க."

"அவங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கில்ல?"

"நியாயம் எல்லாருகிட்டயும் இருக்குங்க. என் கொடிதான் சாகுது."

அவன் அவளைப் பார்க்காமல் சக்கரத்தைப் பார்த்தான். "நான் நல்லதுன்னு நினைச்சுத்தானே வச்சேன், கமலா."

"இத்தனை நாளா விளையாட்டுச் சாமான்னு சொன்னீங்க. இன்னிக்கும் அப்படியே நினைச்சிருந்தீங்கன்னா அது பேசியிருக்கும்."

சொன்ன பிறகு அவளுக்கே வலித்தது. ஆனால் திருப்பி எடுக்கவில்லை. வாசலில் வந்து நின்ற பெண்களைப் பார்த்துக் கையை அசைத்தாள்.

"வாங்க. காக் ராஜம் வீட்டுக்குப் போவோம்."

காக் என்றால் மலாயில் அக்கா. ராஜம் மூன்று வீடு தள்ளி இருக்கும் மலாக்கா செட்டிக் குடும்பத்துப் பெண். கபாயாச் சட்டையும் சாரோங்கும் உடுத்தி, தலையில் கொண்டை போட்டு, நெற்றியில் திருநீறு பூசியிருப்பாள். கும்பிடும் சாமி இவர்கள் சாமிதான். பேசுவது மட்டும் மலாய். தமிழில் அம்மா, அப்பா, அக்கா தாண்டி ஏழெட்டுச் சொல் வந்தால் அதிகம். அவள் கணவன் துறைமுகத்து ஆபீசில் வேலை பார்க்கிறான். அவர்கள் வீட்டில் கரண்டில் ஓடும் பெரிய ரேடியோ இருக்கிறது. கருவிகளுக்குப் பூஜை வைக்கும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை.

ஆறு பெண்கள் வரிசையாக வாசலில் நிற்பதைக் கண்டதும் காக் ராஜம் பயந்துவிட்டாள்.

"அப்பா ஹால்? யாரு மாத்தி?" என்றாள். என்ன விஷயம், யார் செத்தது என்று பாதி மலாயும் பாதி தமிழுமாக.

"யாரும் சாகலை, காக். ரேடியோ கேக்கணும்." கமலவேணி தனக்குத் தெரிந்த மலாயில் சொன்னாள். பூஜையைச் சொன்னாள், கொடியைச் சொன்னாள். எல்லாம் புரிந்ததோ இல்லையோ, கடைசியில் காக் ராஜம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ரேடியோவுக்கு மாலை போட்டது மட்டும் அவளுக்கு நன்றாகப் புரிந்துவிட்டது.

"மாசுக், மாசுக்" என்று எல்லோரையும் உள்ளே இழுத்தாள். தான் கேட்டுக்கொண்டிருந்த மலாய்ப் பாட்டை மனமில்லாமல் விட்டு முள்ளைத் திருப்பினாள். இரைச்சல், சீன மொழி, மறுபடி இரைச்சல். பிறகு தமிழ். விவசாய நிகழ்ச்சி ஆரம்பித்திருந்தது. யாரோ கோழி வளர்ப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

பெண்கள் சிமெண்டுத் தரையில் நெருக்கி உட்கார்ந்தார்கள். தூரத்தில் இடி உருண்டது. அலமேலு சன்னல் வழியாக வானத்தைப் பார்த்தாள். கோழி முடிந்தது.

பிறகு ஒரு பெண் குரல் வந்தது. மெல்லிய குரல். கொஞ்சம் நடுங்கியது.

"ஐயா, எங்க வெத்திலைக் கொடி அடியில கறுத்து அழுகுது. ஒரு கொடியில வந்தா நாலு நாள்ல வரிசையே போயிடுது. நாங்க ஆறு பேரும் பொம்பளைங்க. இதை நம்பித்தான் இருக்கோம். என்ன செய்யணும்னு சொல்லுங்க."

"ஏஹ்! இத்து லூ புன்யா சுவாரா!" காக் ராஜம் கமலவேணியின் தோளில் ஓங்கி அடித்தாள். அது உன் குரல் என்று சொல்ல அவளுக்குத் தமிழ் தேவைப்படவில்லை.

கமலவேணிக்கு அது தன் குரலாகத் தெரியவில்லை. யாரோ ஏழைப் பெண் எங்கிருந்தோ கெஞ்சுவது போலிருந்தது. இவ்வளவு பயமா என் குரலில் இருக்கிறது என்று நினைத்தாள்.

நிபுணர் நிதானமாகப் பேசினார். இது நீர் வழியாகப் பரவும் அழுகல் நோய். வாடிய கொடியை வேரோடு பிடுங்கி எரித்துவிட வேண்டும். நோய் கண்ட பாத்தியில் நிற்கும் தண்ணீர் நல்ல பாத்திக்குள் ஒரு துளியும் போகக்கூடாது. அடுத்த மழைக்கு முன்னால் நோய்ப் பாத்தியின் கீழ்ப்புறம் தனி வடிகால் வெட்டி, தண்ணீரை வெளியே விட்டுவிட வேண்டும்.

"அடுத்த மழைக்கு முன்னால" என்று அலமேலு முணுமுணுத்தாள். வெளியே மறுபடி இடித்தது.

"மிச்சமிருக்கும் கொடிகளைக் காப்பாற்ற, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்து வேரில் ஊற்றுங்கள். மருந்து கடைகளில் கிடைக்கும். ஆனால், சகோதரிகளே, அளவு மிகவும் முக்கியம். மயில்துத்தம் கூடிவிட்டால் நல்ல கொடியும் கருகிப்போகும். கவனமாகக் கேளுங்கள். நான்கு கேலன் தண்ணீருக்கு..."

பளீரென்று ஒரு வெளிச்சம். வீட்டுக்கு மேலேயே இடி விழுந்ததுபோல் ஒரு சத்தம். ரேடியோவின் முகத்தில் எரிந்துகொண்டிருந்த சின்ன விளக்கு அணைந்தது.

காக் ராஜம் குமிழைத் திருகினாள். பெட்டியைத் தட்டினாள். சுவரிலிருந்த சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைத்தாள். தெருவில் யாரோ கரண்டு போய்விட்டதென்று கத்தினார்கள்.

"கமலா!" அலமேலு அவள் கையைப் பிடித்துத் தூக்கினாள். "உன் வீட்டுப் பெட்டி பேட்டரியில ஓடுறது! ஓடு! பாவம் வந்தா என் தலையில வரட்டும், ஓடு!"

கமலவேணி ஓடினாள். காற்று முந்தானையைப் பிடுங்கியது. வாசற்கதவு சாத்தியிருந்தது. தள்ளினாள். உள்ளே தாழ் போட்டிருந்தது.

"அத்தை! அத்தை, கதவைத் திறங்க!"

இரண்டு கையாலும் தட்டினாள். இடிச் சத்தத்தில் தன் குரலே தனக்குக் கேட்கவில்லை. கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். அந்தப் பக்கம் ஒரு மனிதர் இப்போது சொல்லிக்கொண்டிருப்பார். இவ்வளவு மயில்துத்தம், இவ்வளவு சுண்ணாம்பு என்று. நாடு முழுவதும் அதைக் கேட்கும். கேட்க வேண்டிய ஆறு பேரைத் தவிர.

கதவு திறக்க வெகுநேரமானது.

"காத்துல விளக்கு அணைஞ்சுடும்னு சாத்தினேன்" என்றாள் சாரதாம்பாள். "கண் அசந்துட்டேன் போல."

அவள் தோளுக்கு மேலாகக் கமலவேணி கூடத்தைப் பார்த்தாள். விளக்கு அசையாமல் எரிந்தது. மாலைக்குள் ரேடியோ மௌனமாக இருந்தது. நிகழ்ச்சி இந்நேரம் முடிந்திருக்கும்.

உள்ளே போகவில்லை. திரும்பி, வீட்டைச் சுற்றிக் கொடிக்காலுக்கு நடந்தாள்.

பெண்கள் அங்கே வந்து நின்றிருந்தார்கள். ஒருவர் கையிலும் ஒன்றும் இல்லை. ஆறு வீட்டுச் சாங்கோல்களும் ஆறு வீட்டுப் பூஜையில் இருந்தன.

"என்னடி செய்யப் போறோம்?" என்றாள் ஒருத்தி.

"பாதி தெரியுமில்ல. தெரிஞ்ச பாதியைச் செய்வோம்" என்றாள் கமலவேணி.

"எதை வச்சு?"

அலமேலு சேலையைத் தூக்கிச் செருகினாள். "கையை யாரும் பூஜையில வைக்கலையே" என்று சொல்லிவிட்டு, வலிக்கும் முட்டியைச் சேற்றில் ஊன்றி உட்கார்ந்தாள்.

கிணற்றடியில் கிடந்த தேங்காய்ச் சிரட்டைகளை எடுத்துக்கொண்டார்கள். இருவர் வாடிய கொடிகளை வேரோடு பிடுங்கி வேலிக்கு வெளியே போட்டார்கள். மற்றவர்கள் நோய்ப் பாத்தியின் கீழ்ப்புறத்தில் சிரட்டையால் சுரண்டினார்கள். மேல்மண் வந்தது. அதற்குக் கீழே களி. சிரட்டை உடைந்தது. விரல்களால் தோண்டினார்கள். ஒரு முழத்துக்கு வடிகால் போவதற்குள் கமலவேணியின் நகம் பிய்ந்துவிட்டது. பெரிய துளிகளாக மழை இறங்கியது.

நிமிர்ந்தபோது வேலியருகில் வேலாயுதம் நிற்பதைப் பார்த்தாள். லோரிக்குப் படுதா போட்டுவிட்டு வந்திருக்கிறான். எவ்வளவு நேரமாக நிற்கிறானோ தெரியாது. சேற்றில் தோண்டும் ஆறு பெண்களையும் பார்த்துக்கொண்டிருந்தான். அவளும் பார்த்தாள். குனிந்து மறுபடி தோண்டினாள்.

அவன் போய்விட்டான்.

மழை வலுத்தது. திரும்பி வந்தபோது அவன் கையில் சாங்கோல் இருந்தது. பிடியில் சந்தனம் மழையில் கரைந்து அவன் மணிக்கட்டில் வழிந்தது.

"அத்தை?" என்றாள் கமலவேணி.

"ஒண்ணும் சொல்லலை. பார்த்துக்கிட்டே இருந்தாங்க, ஒண்ணுமே சொல்லலை." அவனுக்கே அது ஆச்சரியமாக இருந்தது. "நகரு நீ."

இத்தனை நாள் கொடிக்காலுக்குள் கால் வைக்காதவன், அவள் எங்கே என்று சொல்வதற்குள் ஓங்கினான். தண்ணீர் தேங்கி நின்ற இடம் அவன் கண்ணில் பட்டது. அதை உடைத்துவிட்டால் போதும் என்று நினைத்திருக்க வேண்டும். மூன்று வெட்டு வெட்டினான். பலமான கை.

"அங்க இல்லைங்க!"

மழையில் அவனுக்குக் கேட்கவில்லை. நான்காவது வெட்டில் பாத்தியின் பக்கக் கரை உடைந்தது. கறுப்பாகத் தேங்கியிருந்த தண்ணீர் முழுவதும் பக்கத்துப் பாத்திக்குள் பாய்ந்தது. நேற்று வரை ஒரு இலைகூட வாடாத பாத்தி. அவளுடைய கொடிக்காலிலேயே நல்ல பாத்தி.

அலமேலு தலையில் கை வைத்துக்கொண்டாள்.

கமலவேணி சேற்றில் விழுந்தடித்துப் போய் உடைந்த கரையை உடம்பால் அடைத்தாள். மற்றவர்கள் கை கையாக மண் அள்ளிப் போட்டார்கள். அடைபட்டது. அதற்குள் இரண்டு வரிசையின் அடிவேர் வரை நனைந்துவிட்டது.

"தண்ணியை வெளியேத்தத்தானே வெட்டினேன்..." வேலாயுதத்தின் குரல் தேய்ந்தது.

அவள் எழுந்து நின்று கையை நீட்டினாள். "கொடுங்க."

கொடுத்தான்.

"என்ன சொன்னாங்கன்னு கேட்டுட்டு வெட்டியிருக்கலாமில்ல?"

"என்ன சொன்னாங்க?"

இதையும் அவன் முதல் தடவையாகத்தான் கேட்கிறான். கொடிக்காலைப் பற்றி, ரேடியோவைப் பற்றி, அவள் வேலையைப் பற்றி. அவள் கீழ்ப்புறத்துக்குப் போய் வெட்ட ஆரம்பித்தாள். சிரட்டை உடைந்த களிமண்ணில் சாங்கோல் எளிதாக இறங்கியது. அந்த எளிமை அவளுக்கு அழுகையை வரவழைத்தது. மழையில் யாருக்கும் தெரியவில்லை.

வடிகால் வேலி வரை போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. கறுத்த தண்ணீர் வெளியே ஓடியது. நனைந்த இரண்டு வரிசையும் அசைவில்லாமல் நின்றன. மருந்து ஊற்றினால் அவை பிழைக்கலாம். அளவு தெரியாமல் ஊற்றினால் அதுவே கொன்றுவிடும்.

"கலியாணசுந்தரம் ஐயாவைப் பிடிச்சுக் கேப்போமா?" என்றாள் அலமேலு.

"அவர் ஜொகூர் பக்கம் போயிருக்காராம். எப்ப வருவாரோ."

பெண்கள் நனைந்தபடியே கிளம்பினார்கள். வந்தபோது இருந்த கேலியில் ஒரு சொல்கூட யாரிடமும் மிச்சமில்லை.

கமலவேணி உடை மாற்றிக்கொண்டு, விளக்குக்கு எண்ணெய் ஊற்றக் கூடத்துக்கு வந்தாள். சாரதாம்பாள் மதியம் உட்கார்ந்த அதே பாயில், அதே இடத்தில் இருந்தாள். வாழையிலையில் சாங்கோல் இருந்த இடம் மட்டும் காலியாக இருந்தது. அதைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. மகனைத் தடுக்கவும் இல்லை. முப்பது வருஷம் காத்த நாளை ஒருவன் கண்ணெதிரே உடைத்துக்கொண்டு போகும்போது, இவள் ஏன் வாய் திறக்கவில்லை?

எண்ணெய் ஊற்றினாள். திரியைத் தூண்டினாள். வெளிச்சம் ரேடியோவின் முகத்தில் ஏறியது.

முகப்பில் மூன்று விரல் சந்தனம் காய்ந்து, வெடித்து, அப்படியே இருந்தது. குங்குமம் அப்படியே இருந்தது. இடப்பக்கக் குமிழில் பொட்டு அப்படியே இருந்தது.

வலப்பக்கக் குமிழில் பொட்டு இல்லை. யாரோ பிடித்துத் திருகிய இடத்தில் சந்தனம் தேய்ந்து ஒரு மஞ்சள் கீற்று மட்டும் இருந்தது.

கமலவேணி எண்ணெய்ச் செம்பைக் கீழே வைத்தாள். மாமியாரைப் பார்த்தாள். சாரதாம்பாள் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய வலக்கை முந்தானைக்குள் இருந்தது.

வெளியே மழையின் சத்தம் மட்டும் கேட்டது.

"அத்தை" என்றாள் கமலவேணி மெதுவாக. "நாலு கேலன் தண்ணிக்கு மயில்துத்தம் எவ்வளவு?"

சாரதாம்பாள் கண்ணை மூடினாள். பேசியபோது குரல் எப்போதும்போல் உயரவில்லை.

"நாளைக்குக் காலையில மறுபூஜை ஆகட்டும்."

"ராத்திரி முழுக்க மழை பெய்யும், அத்தை."

"பெய்யட்டும்."

கமலவேணி கூரையில் விழும் மழையைக் கேட்டுக்கொண்டு நின்றாள். கொடிக்காலில் இரண்டு வரிசைகள் அந்த மழையில் நின்றுகொண்டிருந்தன. முந்தானை விலகியபோது, சாரதாம்பாளின் கட்டைவிரல் நகத்துக்குள் மஞ்சளாகச் சந்தனம் ஒட்டியிருந்தது.